யாருக்கு உண்டு?

பொய் சொல்லாத ஒரு கணக்கு அநியாயம் செய்ய முடியுமா? முடியும் என்றே நினைக்கிறேன்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையரின் இணையதளத்தில் 2011 கணக்கு கிடைக்கிறது. மாநிலம், மாவட்டம், வட்டம், கிராமம் என்று இறங்கிக்கொண்டே போகலாம். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 20 பேர் பட்டியல் சாதியினர். எங்கள் கடலூர் மாவட்டத்தில் நூற்றுக்கு 29. ஒரு காலத்தில் கர்ணம் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரிந்த கணக்கு இது. கர்ணம் பதவி 1980இல் ஒழிந்தது. இன்று வடக்குத்துச் சேரிப் பையன் செல்போனிலேயே அதைப் புரட்டிப் பார்க்கிறான். யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. இது சின்ன விஷயமில்லை.

ஆனால் அந்தக் கணக்கின் அலகு வருவாய்க் கிராமம். ஊரும் சேரியும் அதில் ஒரே வரி. குடிநீர் உண்டா? உண்டு. பள்ளிக்கூடம் உண்டா? உண்டு. தார்ரோடு உண்டா? உண்டு. குழாய் ஊர்த்தெருவோடு நின்றுபோனாலும் பதில் 'உண்டு'தான். நாம தண்ணியில்லன்னு கத்துறோம், காகிதம் இருக்குன்னு சொல்லுது. ரெண்டும் நெசந்தான். புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் சேரிக்கென்றே தொட்டி இருந்தது. 2022 டிசம்பரில் அதில் மலம் கலந்தார்கள். எந்தப் படிவத்தில் எழுதினாலும் அங்கே தண்ணீர்த் தொட்டி 'உண்டு'.

தொழில் கணக்கைப் பாருங்கள். நிலம் வைத்துப் பயிர் செய்கிறவர், விவசாயக் கூலி, வீட்டுத் தொழில் செய்கிறவர் போக மிச்சமெல்லாம் 'மற்ற தொழிலாளர்'. நெய்வேலியில் குவார்ட்டர்ஸில் இருக்கும் எஞ்சினியரும் சாம்பல் அள்ளும் காண்ட்ராக்ட் கூலியும் இந்த ஒரே பெட்டிக்குள் போய்விடுகிறார்கள். தெருவில் கிடைக்காத சமத்துவம் கட்டத்துக்குள் கிடைத்துவிடுகிறது! களையெடுத்து, முந்திரி பொறுக்கி, ஆறு மாசத்துக்கும் குறைவாகவே கூலி கிடைத்த பெண்ணுக்கு முழுத் தொழிலாளி என்ற பேரும் இல்லை. வேலை கொடுக்காதவன் குற்றம் அவள் தலையில் எழுதப்படுகிறது.

எங்கள் தெருப் பெரியம்மா ஒருத்தர் கேட்பார்: "எண்ணி என்னாத்துக்குடா தம்பி ஆவப்போவுது? ஆடு மாட்டத்தான் எண்ணுவாங்க." நியாயமான கோபம். ஆனால் எண்ணாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். 1932இல் லோதியன் குழுவின் முன்னால், ஓட்டுரிமையில் பங்கு தர வேண்டிவரும் என்றதும், சில மாகாணங்களில் தீண்டப்படாதோர் தொகையையே சுருக்கிக் காட்டினார்கள் சாதி இந்துக்கள். அம்பேத்கர் அதை மறுத்துத் தனிக்குறிப்பு எழுத வேண்டியிருந்தது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறித்தவர் இன்றுவரை பட்டியல் சாதிக் கணக்கில் வருவதில்லை. சேரியில்தான் இருக்கிறார், கல்லறைகூடத் தனியாகத்தான் பல இடங்களில். கணக்கில் மட்டும் அவர் தலித் இல்லை. நம்மை எண்ணினாலும் அரசியல், எண்ணாவிட்டாலும் அரசியல்.

ஆகவே எண்ணைக் கும்பிடவும் வேண்டாம், காறித் துப்பவும் வேண்டாம். எண் ஒரு பதில், அவ்வளவுதான். கேள்வியை எழுதினவன் யார், எதை ஒரு வரியாக்கினான், எந்தக் கட்டத்தைப் போடாமல் விட்டான் என்று கேட்பதுதான் நம் வேலை. அதிகாரி நம் கண்ணீரை ஃபைலில் சேர்க்கமாட்டார், எண்ணைச் சேர்த்தாக வேண்டும். அதனால் இணையதளத்திலிருந்து கிராமத்தின் வரியை எடுத்துக்கொள்வோம். அதன் பக்கத்தில், தெருத்தெருவாக நடந்து நாமே எடுத்த கணக்கை வைப்போம். ஊரில் எத்தனை குழாய், சேரியில் எத்தனை, தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை. விடுபட்டதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்போம்.

1931க்குப் பிறகு எல்லாச் சாதிகளையும் 2027 கணக்கெடுப்பில் எண்ணப்போவதாக 2025 ஏப்ரலில் ஒன்றிய அரசு அறிவித்தது. எந்தச் சாதியில் எத்தனை தலை என்பது தெரியவரலாம். அந்தத் தலைகளுக்கு எது போய்ச் சேர்ந்தது, எது வழியிலேயே நின்றது என்பதைச் சேரிதான் கேட்டு வாங்க வேண்டும். 'உண்டு' என்று எழுதிய ஒவ்வொரு கட்டத்திலும் விரலை வைத்துக் கேட்போம்: யாருக்கு?