கடல் கடந்து செல்வோரும் உடல் ஓம்பும் அறமும்



நம் முன்னோர் மாட்டு வண்டி பூட்டிக்கொண்டு மேல்சித்தாமூருக்கும் பொன்னூர் மலைக்கும் சென்று வழிபட்டு வந்த காலம் ஒன்று இருந்தது. சிரவணபெளகுளம் சென்று கோமடேசுவரரைத் தரிசித்தவர் ஊரில் பெரும்பேறு பெற்றவராக மதிக்கப்பட்டார். இன்றோ நம் பிள்ளைகள் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் பணிபுரிகின்றனர். மகளின் பேறுகாலத்திற்கும் பேரக்குழந்தையின் பெயர்சூட்டு விழாவிற்குமாக அறுபது, எழுபது வயதைக் கடந்த பெரியோரும் வானூர்தி ஏறுகின்றனர். இத்தகையோர் புறப்படுமுன் நம்மிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "அங்கே போய் நம் ஒழுக்கத்தைக் காப்பாற்ற முடியுமா?" உடலைக் காப்பாற்றுவது பற்றி எவரும் கேட்பதில்லை. இவ்விரண்டும் ஒன்றே என்பதைச் சிந்திக்கவே இக்கட்டுரை.

நமக்கு நன்கு அறிமுகமான பெரியவர் ஒருவர் உளர். நீரிழிவு நோய் உடையவர். இரவு உணவை விலக்கிப் பல்லாண்டுகள் ஆனவர். ஒரு ஜூன் மாதத்தில் விடியற்காலை சென்னையில் வானூர்தி ஏறி, வளைகுடா நகரம் ஒன்றில் மாறி, அமெரிக்கா நோக்கிச் சென்றார். தம் கைக்கடிகாரத்தை அவர் மாற்றி வைக்கவில்லை. அது மாலை ஏழு மணி காட்டியபொழுது, வழக்கம்போல் சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையை உட்கொண்டார். உணவு வந்ததோ எட்டு மணிக்கு. "இரவாகிவிட்டது, வேண்டா" என மறுத்துவிட்டார். சிறிது நேரத்தில் வியர்த்துக் கைகள் நடுங்கி மயங்கிச் சரிந்தார். பணிப்பெண்கள் சர்க்கரை கரைத்த நீரைப் புகட்டித் தெளிவித்தனர். தெளிந்தவர் பக்கத்துச் சன்னலின் மூடி உயர்த்தப்பட்டிருப்பதைக் கண்டார். வெளியே கதிரவன் பட்டப்பகலாக ஒளிவீசிக் கொண்டிருந்தான்!

மேற்கு நோக்கிச் செல்லும் வானூர்தி கதிரவனைப் பின்தொடர்ந்து செல்வதால் பகல் நீளுகிறது; கிழக்கு நோக்கித் திரும்புங்கால் இரவு விரைந்து வந்துவிடுகிறது. பெரியவர் இதனை எண்ணிப் பார்க்கவில்லை. ஊர் சேர்ந்ததும் நமக்குத் தொலைபேசியில் அழைத்து, "என் விரதம் கெட்டுவிட்டதே" என்று கண்கலங்கினார். "ஐயா, தங்கள் விரதம் கதிரவனை நோக்கியதா, கைக்கடிகாரத்தை நோக்கியதா?" என்று கேட்டோம். நெடுநேரம் அவர் பேசவில்லை.

இரவு உணவை விலக்குமாறு நம் ஆசாரியர்கள் ஏன் பணித்தனர்? ஒளியற்ற வேளையில் உணவில் வீழும் சிற்றுயிர்கள் கண்ணுக்குப் புலனாகா. அவற்றுக்குத் தீங்கு நேரும் என்பதனால் அன்றோ? விழிப்போடு இருத்தலே அவ்விரதத்தின் உயிர். உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் ஹிம்சைக்கு இலக்கணம் கூறுங்கால், விழிப்பின்மையாகிய பிரமாதத்தோடு கூடிப் பிராணனுக்கு ஊறு செய்தலையே ஹிம்சை என்றார். ஐந்து பொறிகள், மனம், மொழி, மெய் ஆகிய மூவகை வலிமை, ஆயுள், மூச்சு எனப் பத்துப் பிராணன்கள் நமக்கும் உள. பிற உயிரின் பிராணனைக் காக்கும் நாம், கவனக்குறைவால் நம் பிராணனுக்கு ஊறு விளைத்துக்கொண்டால் அதுவும் பிரமாதமே. ஆகவே வெளிநாடு செல்லும் சிராவகர்க்கு வேண்டுவது பிடிவாதமும் அன்று, நெகிழ்ச்சியும் அன்று, விழிப்பு.

உணவில் விழிப்பு

விரதத்தைச் செல்லும் ஊரின் கதிரவனுக்கு ஏற்பக் கைக்கொள்ள வேண்டும். தமிழகத்தில் கதிரவன் மறையும் நேரம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரு மணி நேர அளவே வேறுபடும். இலண்டன் மாநகரிலோ டிசம்பர் மாதத்தில் மாலை நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும். ஜூன் மாதத்தில் இரவு ஒன்பது மணிக்குப் பின்னரே மறையும். குளிர்காலத்தில் அங்குச் செல்லும் நீரிழிவு நோயாளர் எட்டு மணி நேரத்திற்குள் உணவை முடித்து, மீதிப் பதினாறு மணி நேரம் வெறும் வயிற்றோடு இருக்க நேரும். மருந்தின் அளவும் வேளையும் இதற்கேற்ப மாற வேண்டும். புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பே, "நான் இரவில் உண்பதில்லை, இத்தனை மணி நேரம் பறக்கப் போகிறேன்" என மருத்துவரிடம் வெளிப்படையாகக் கூறி ஆலோசனை பெறுதல் இன்றியமையாதது. கோடையில் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கிறதென்று ஓயாமல் உண்பதும் தவறே. அரைவயிறு உண்ணும் அவமோதரியம் என்னும் தவத்திற்குக் கோடை விடுமுறை இல்லை.

வானூர்திகளில் ஜைன உணவு எனத் தனியாகக் கேட்டுப் பெறலாம்; வெங்காயம், பூண்டு, கிழங்கு வகைகள் இன்றித் தருவர். வி.ஜே.எம்.எல். என்பது அதன் குறியீடு. பயணச்சீட்டு எடுக்கும்பொழுதே அதனைப் பதிவு செய்துவிடுதல் நலம். எனினும் கைப்பையில் பொரி, அவல், உலர்ந்த பழங்கள், சிறிது சர்க்கரை வைத்திருக்க மறவாதீர். அஞ்சறைப் பெட்டியை அப்படியே எடுத்துச் செல்வோர்க்கு ஓர் எச்சரிக்கை: ஐக்கிய அரபு அமீரகத்தில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள்.

நீரில் விழிப்பு

நீரை வடிகட்டி அருந்துதல் நம் குலத்தின் அடையாளம். அதன் பெருமையை இன்றைய அறிவியலும் ஒருவகையில் உணர்ந்துள்ளது. வங்காளதேசத்தின் மத்லப் பகுதியில் அறிவியலறிஞர் ரீட்டா கால்வெல் முதலானோர், பழைய சேலைத் துணியை நான்காக மடித்து நீரை வடிகட்டச் செய்து ஆராய்ந்தனர். அவ்வாறு வடிகட்டிய ஊர்களில் காலரா நோய் 48 விழுக்காடு குறைந்ததென 2003-ஆம் ஆண்டு வெளியிட்டனர். காலராக் கிருமிகள் நீரிலுள்ள மிதவை நுண்ணுயிர்களை ஒட்டி வாழ்வதும், அவ்வுயிர்கள் துணியில் தங்கிவிடுவதும் அதற்குக் காரணம். பிற உயிரைக் காக்க வடிகட்டியவர் தம்மையும் காத்துக்கொண்டார்!

ஆயினும் இதனால் செருக்கடைதல் கூடாது. தனித்து உலவும் கிருமிகள் துணியின் இழைகளூடே எளிதாக நுழைந்துவிடும். வடிகட்டிய நீரை நன்கு கொதிக்க வைக்க வேண்டும். தளதளவெனக் கொதி வந்தபின் ஒரு நிமிடமும், இரண்டாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட மலைப்பகுதிகளில் மூன்று நிமிடமும் கொதித்தல் வேண்டும். குழாய் நீரின் தூய்மையை நம்ப இயலாத நாடுகளில் பனிக்கட்டி இட்ட பானங்களும், நறுக்கி வைத்த பச்சைக் காய்கனிகளும் வயிற்றுப்போக்கிற்கு வாயில்கள். அங்ஙனம் நேரின் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களைப் பயன்படுத்துக. அவை கிட்டாவிடில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாக அருந்துக.

இருக்கையில் விழிப்பு

நெடுந்தொலைவு வானூர்தியில் அசையாது அமர்ந்திருப்பதைச் சிலர் காயோத்சர்க்கம் எனக் கருதுவர் போலும்! நான்கு மணி நேரத்திற்கு மேல் ஒரே நிலையில் அமர்ந்திருப்பின் கால் நாளங்களில் இரத்தம் உறையும் வாய்ப்பு மிகும். உறைந்த கட்டி நுரையீரலைச் சென்றடைந்தால் உயிருக்கே இடர். அவ்வப்போது எழுந்து நடக்க வேண்டும். அமர்ந்திருக்கும்பொழுதும் கணுக்கால்களை மேலும் கீழும் அசைக்க வேண்டும். வானூர்திக்குள் காற்று மிகவும் வறண்டது. ஆதலின் நீரும் அருந்தாத உபவாசத்தைப் பயண நாளில் மேற்கொள்ளற்க. அன்று சாமாயிகம் செய்யலாம், நமோகார மந்திரம் செபிக்கலாம், பேச்சைக் குறைக்கலாம். தவத்திற்கு வழிகள் பல.

மருந்தில் விழிப்பு

"ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று மாத்திரைகளை நிறுத்துவோர் நம்மிடையே உளர். இது நம் அறத்தை அறியாமை. ஆகாரம், ஒளடதம், சாத்திரம், அபயம் என நான்கு தானங்களை நம் ஆகமங்கள் கூறுகின்றன. மருந்தைத் தானமாகப் போற்றிய சமயம், நோயுற்றவன் அதனை ஏற்பதைக் குற்றமாக எண்ணுமோ? தேவையான மருந்துகளை மருத்துவரின் சீட்டோடு கைப்பையிலேயே வைத்துக்கொள்க. தொண்டை மருந்துகளில் தேனும், இருமல் நீர்மங்கள் சிலவற்றில் மதுசாரமும் கலந்திருக்கும். உறைமாத்திரைகளின் கூடு பெரும்பாலும் விலங்கின் எலும்பு, தோல் ஆகியவற்றினின்று பெறும் ஜெலட்டினால் ஆனது. இவற்றுக்கு மாற்று உண்டா என்று கேட்டறிக. மாற்று இல்லாத உயிர்காக்கும் மருந்தை மருத்துவரைக் கேளாது நிறுத்தற்க. மருத்துவக் காப்பீடும், தன் நோய்களை மறைக்காமல் கூறிச் செய்துகொள்க.

இங்கு ஒரு சிக்கலான செய்தியையும் பேச வேண்டும். ஆப்பிரிக்க, தென்னமெரிக்க நாடுகள் பலவற்றிற்குச் செல்வோர் மஞ்சட்காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குப் பத்து நாட்கள் முன்பாவது இட்டுக்கொள்ள வேண்டும். 2016-ஆம் ஆண்டு முதல் அச்சான்று வாழ்நாள் முழுவதும் செல்லும். அத்தடுப்பூசி கோழி முட்டைக் கருவில் வளர்க்கப்படுவது. இதனை மறைக்க விரும்பவில்லை. இது நம் உள்ளத்தை உறுத்துவது இயல்பே. அப்பயணம் தமக்கு இன்றியமையாததா என்று ஒவ்வொருவரும் தம் மனச்சான்றைக் கேட்டுத் தெளிக. ஆனால், ஊசி இடாமலே பணம் கொடுத்துப் பொய்ச்சான்று பெறும் வழியை மட்டும் நாடற்க. அது வாய்மை விரதத்தைக் கெடுப்பதோடு, தமக்கும் பிறர்க்கும் நோயைப் பரப்பும் பெரும் ஹிம்சையுமாகும்.

ஆசாரியர் காட்டிய வழி

இல்லறத்தார்க்கு இரத்தினகரண்டக சிராவகாசாரம் அருளிய சமந்தபத்திர ஆசாரியரைப் பஸ்மகம் என்னும் தீராப் பசிநோய் பற்றியதெனப் பழங்கதை கூறும். நோயைத் தாளாது அவர் தம் குருவிடம் சல்லேகனைக்கு அனுமதி வேண்டினார். குருவோ, "உன்னால் ஆகவேண்டிய அறப்பணி மிகுதி" என்று மறுத்து, துறவுக் கோலத்தை ஒருகால் நீக்கி நோய் தீர்த்து வருமாறு பணித்தார். அவரும் அங்ஙனமே செய்து, நோய் நீங்கியபின் மீண்டும் தீட்சை ஏற்றார். அந்த உடல் அன்று அழிந்திருப்பின், நம் வீடுகளில் அவர்தம் நூல்கள் இன்று இருக்குமோ?

அமெரிக்கா சென்ற நம் பெரியவரிடமும் இதனையே கூறினோம். மயங்கியவர்க்குச் சர்க்கரை நீர் புகட்டியது பாவம் அன்று. மனம் உறுத்தினால் சிறு பிராயச்சித்தம் செய்துகொள்ளலாம் என்றோம். "மருந்தும் நீரும் நீங்கலாக" என வரையறுத்து விரதம் ஏற்கும் வழக்கம் நம்மிடையே இருப்பதையும் நினைவூட்டினோம். மறுநாளே அவர் மருத்துவரைக் கண்டு மாத்திரை வேளையை மாற்றிக்கொண்டார். கைக்கடிகாரத்தையும் அவ்வூர் நேரத்திற்குத் திருப்பி வைத்தாராம். ஆறு திங்கள் கழித்துப் பேரனின் புகைப்படத்தோடு நலமே ஊர் திரும்பினார். விரதமும் உடன் திரும்பியது.

அன்பர்களே! அறம் நம் ஊரின் எல்லையோடு நின்றுவிடுவது அன்று. எந்நாட்டிலும் உதிப்பது அதே கதிரவன். எந்நாட்டிலும் வாழ்வன அவ்வாறே காக்கத்தக்க உயிர்கள். அவ்வுயிர்களுள் நம் உயிரும் ஒன்று என்பதை மறவாது, விழிப்போடு சென்று நலமோடு மீள்வோமாக.

வாழ்க நல்லறம்! வளர்க ஜினதருமம்!