வேண்டி ஏறும் மலை

கொத்மலைத் தோட்டங்களில், லீவு நாளில் மலையேறப் போகிறேன் என்று சொல்பவரை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். விடிந்தும் விடியாமலும் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய், இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு, கொழுந்துக் கூடையோடு நாள் முழுக்கச் சரிவில் நிற்பவர்களுக்கு மலை என்பது வேலைத்தலம். "ஏறுறதுக்கு நம்ம ஒன்பதாம் நம்பர் மலை பத்தாதா? காசு குடுத்து பட்டிப்பொலைக்குப் போகணுமா?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. பதில் தெரியாமலே ஹோட்டன் சமவெளிக்குக் கிளம்பினோம்.

அங்கே ஒரே நாளில் இரண்டு சிகரங்களைத் தொட்டுவிடலாம். இலங்கையின் மூன்றாவது உயரமான தொட்டுப்பொல 2,357 மீற்றர். இரண்டாவதான கிரிகல்பொத்த 2,388 மீற்றர். எல்லாவற்றிலும் உயர்ந்த பிதுருதலாகலவில் ஒளிபரப்புக் கோபுரமும் பாதுகாப்புக் கெடுபிடியும் இருப்பதால் நினைத்தபோது நடந்து ஏற முடியாது. ஆகவே மலையேறுபவர்களுக்குக் கிரிகல்பொத்ததான் பெரிய மலை.

தொட்டுப்பொல சுலபம். சமவெளியின் பட்டிப்பொல வாசலைத் தாண்டியதும் பாதை தொடங்கும். வெயில் ஏறுமுன் போய்வந்துவிடலாம். ஆளைச் சோதிப்பது கிரிகல்பொத்த. போக ஏழு கிலோமீற்றர், வர ஏழு. முதலில் புல்வெளி, பிறகு சப்பாத்தைப் பிடித்து இழுக்கும் கறுப்புச் சேறு, அப்புறம் வேரைப் பிடித்து ஏற வேண்டிய முகில் காடு. ஓரிடத்தில் மரத்தில் படர்ந்திருந்த பாசியை உள்ளங்கையால் அழுத்தினேன். மழை இல்லாத அன்றும் தண்ணீர் முழங்கை வரை வழிந்தது. இந்தக் காடு முகிலிலிருந்து வடித்தெடுக்கும் நீர்தான் ஆக்ரா ஓயாவாக இறங்கி, கொத்மலை ஓயாவில் கலந்து, எங்கள் ஊர் நீர்த்தேக்கத்துக்கு வந்து சேர்கிறது.

பாதி ஏற்றத்தில் கூட வந்த ஒருவர் உட்கார்ந்துவிட்டார். "முழங்கால் வலிக்குது. நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்" என்றார். யாரும் முகம் சுளிக்கவில்லை. அவர் பங்கு ரொட்டியையும் சம்பலையும் எடுத்துக் கொடுத்துவிட்டு நாங்கள் மேலே போனோம். அவருக்கு ஒரு நட்டமும் இல்லை.

அம்மாவுக்கும் முழங்கால் வலித்ததுண்டு. அந்த வலிக்குத் தோட்டத்தில் கணக்கு இல்லை, கிலோவுக்குத்தான் கணக்கு. கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிநாள் சம்பளம். இரண்டும் ஏற்றம்தான், இரண்டிலும் மூச்சு வாங்கத்தான் செய்கிறது. ஆனால் ஒன்றில் பாதியில் உட்காரலாம், மற்றதில் முடியாது.

மலை மனிதனைப் பக்குவப்படுத்தும், கஷ்டம் ஆளை உயர்த்தும் என்று மலையேறுபவர்கள் சொல்வார்கள். வெறும் கஷ்டமே உயர்த்துமென்றால், கூடை சுமந்த எங்கள் அம்மாமாரை விட உயர்ந்தவர்கள் இந்த நாட்டில் இருந்திருக்க மாட்டார்கள். நாமாக விரும்பி ஏற்று, போதும் என்றபோது இறக்கி வைக்கக்கூடிய கஷ்டத்துக்கு மட்டுமே அந்தப் பெருமையெல்லாம் பொருந்தும். சுற்றுலா வந்தவர்கள் தேயிலைக்குள் நிற்கும் பெண்ணைப் பார்த்து, "தினமும் மலையேறுவதால்தான் இவ்வளவு திடமாக இருக்கிறீர்கள்" என்று சொல்லும்போது எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

விரும்பி ஏற்ற கஷ்டம் மலையில் மட்டும் இல்லை. 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் புறப்பட்ட ஒரு நடைபவனி, ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை அடைந்தது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய மலையக மக்களின் வருகையை நினைவுகூர்ந்து நடந்த நடை அது. முன்னோர் வந்த நாளில் அந்த வழியில் காட்டிலும் நோயிலும் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். வந்த வழியே திரும்பிப் போகும் வசதி அவர்களுக்கு இருக்கவில்லை. பேரப்பிள்ளைகள் அதே வழியில் தாமாக நடந்தார்கள். இவ்வளவு நடந்தது போதாதா என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. நிர்ப்பந்தமாக நடந்த பாதையை வேண்டி நடப்பது, முன்னோர் பட்ட பாட்டுக்குச் செய்யும் அவமரியாதை ஆகாது. அந்தப் பாட்டின் பலன்களில் அதுவும் ஒன்று.

எங்கள் பிள்ளைகள் சிகரம் ஏறட்டும். படம் எடுத்துப் போடட்டும். ஆனால் மலையகம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று அளக்க அந்த உயரங்கள் உதவாது. முழங்கால் வலிக்கிறது என்று கொழுந்து மலையில் ஒருத்தி சொன்னால், அன்றைய பேர் பாதியாகாமல் அவளால் உட்கார முடிகிறதா என்று பார்த்தால் போதும்.