வெறும் கூடா?



மரணம் சம்பவித்த வீட்டில், பெட்டியருகே அழுகிறவர்களைப் பார்த்து, "இது வெறும் கூடுதானே, ஆத்துமம் சர்வேசுரனிடம் போய்விட்டது, அழாதீர்கள்" என்று யாராவது சொல்லக் கேட்டிருப்பீர்கள். நீங்களே சொல்லியும் இருப்பீர்கள். நல்லெண்ணத்தோடு சொல்லும் ஆறுதல்தான். ஆனால் 'வெறும் கூடு' என்பது சுவிசேஷத்தின் பேச்சல்ல. அதன் சாயலைக் காண வேண்டுமானால் ஏதென்ஸ் நகரத்துச் சிறைச்சாலை ஒன்றுக்குப் போகவேண்டும்.

கி.மு. 399-ம் வருஷம் அங்கே சாக்ரடீஸ் என்னும் ஞானி நஞ்சு குடித்துச் சாகும்படி தீர்ப்பிடப்பட்டிருந்தார். அந்தக் கடைசி நாளின் சம்பாஷணையை அவர் சீஷர் பிளேட்டோ 'பைடோ' என்ற நூலில் எழுதிவைத்தார். (பிளேட்டோ அன்று நோயுற்றிருந்ததாக அந்த நூலிலேயே வருகிறது. ஆகையால் குருவின் சொல் எவ்வளவு, சீஷரின் சொல் எவ்வளவு என்று பிரிப்பது கடினம்.)

அதில் ஒரு நியாயம் வருகிறது. இரண்டு குச்சிகளை ஒன்றோடொன்று வைத்துப் பாருங்கள். சமமாகத் தோன்றும். கூர்ந்து பார்த்தால் மயிரிழை வித்தியாசம் தெரியும். குறைவேயில்லாத சமத்துவத்தை நம் கண் ஒருநாளும் கண்டதில்லை. ஆனாலும் "இவை முழுச் சமமல்ல" என்று சொல்லுகிறோமே, எந்த அளவைக்கொண்டு சொல்லுகிறோம்? கண்ணுக்குத் தெரிவதெல்லாம் மாறும், அழியும்; புத்திக்கு மாத்திரம் எட்டுகிற சமத்துவமும் அழகும் நீதியும் மாறவே மாறா என்றார் பிளேட்டோ. எல்லாம் ஆற்றுநீர்போல ஓடுகிறது என்று எபேசு நகரத்து எராக்ளித்தஸ் அவருக்கு முன்னரே போதித்திருந்தார். மெய்யாய் இருப்பது அசையாது என்று பார்மெனிதஸ் போதித்திருந்தார். பிளேட்டோ இருவருக்கும் இடங்கொடுத்தார்.

இதில் பெரிய உண்மை உண்டு. ஏதென்ஸ் நகரத்தார் வாக்கெடுத்துத்தான் சாக்ரடீசைக் கொன்றார்கள். பெரும்பான்மையோர் சம்மதித்ததினால் அநீதி நீதியாகிவிட்டதா? மாறாத அந்த அளவுகள் சிருஷ்டிகருடைய ஞானத்திலேயே இருக்கின்றன என்று அர்ச். அகுஸ்தினார் பின்னாளில் விளக்கினார்.

சரீரத்தைப் பற்றிப் பேசுமிடத்தில்தான் தடுக்கிவிழுகிறார்கள். அந்த நூலில் சரீரம் ஒரு சிறை. அதைவிட்டு ஓடுவதே ஞானம். "உம்மை எப்படி அடக்கம் செய்வது?" என்று கிரீட்டோ என்ற சிநேகிதர் கேட்டபோது, உங்களால் என்னைப் பிடிக்க முடிந்தால் இஷ்டப்படி செய்யுங்கள் என்ற கருத்தில் சாக்ரடீஸ் சிரித்தபடி பதில் சொன்னாராம். அன்று காலையில் கைக்குழந்தையோடு அழுத அவர் மனைவியை வீட்டுக்கு அழைத்துப்போகச் சொன்னார். தைரியசாலிதான், மறுக்கவில்லை. ஆனாலும் அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மாளின் பக்கமே மனது போகிறது.

லாசரை இன்னும் சற்று நேரத்தில் உயிர்ப்பிக்கப் போவதை நம் ஆண்டவர் அறிந்திருந்தார். அறிந்தும் அழுதார். அர்ச். சின்னப்பர் அதே ஏதென்சில் மரித்தோரின் உத்தானத்தைப் பற்றிப் பேசியபோது சிலர் பரிகாசம் பண்ணினார்கள். ஆத்துமம் சாகாது என்பதை அங்கே பலர் கேட்டிருந்தார்கள். கல்லறைக்குப் போன இந்தச் சரீரம் எழுந்திருக்கும் என்பதுதான் அவர்களுக்குச் சிரிப்பு. நாமோ ஒவ்வொரு ஞாயிறும் அதை விசுவாசப் பிரமாணத்தில் அறிக்கையிடுகிறோம். அதனாலேயே குருவானவர் பிரேதத்துக்குத் தீர்த்தம் தெளித்துத் தூபம் காட்டுகிறார்.

அகுஸ்தினார் ஞானஸ்நானம் பெறுமுன் பிளேட்டோவின் வழிவந்தவர்களுடைய புத்தகங்களை வாசித்தவர். ஆதியில் வார்த்தையானவர் தேவனோடிருந்தார் என்பதற்கு ஒத்த போதனையை அவற்றில் கண்டதாகவும், அவர் மாமிசமானார் என்பதை அங்கே காணவில்லை என்றும் எழுதுகிறார். 387-ம் வருஷம் ஒஸ்தியா துறைமுகத்தில் அவருடைய தாயார் அர்ச். மோனிக்கம்மாள் மரித்தார்கள். சரீரத்தை எங்கே அடக்கினாலும் சரி, பீடத்தில் தன்னை நினைத்தால் போதும் என்றே அந்த அம்மாள் சொல்லியிருந்தார்கள். மகன் கண்ணீரை அடக்கிக்கொண்டார். பேரப்பிள்ளை வாய்விட்டு அழ, அவனையும் அமர்த்தினார்கள். அடக்கமும் முடிந்து, ஒரு நாள் தூங்கியெழுந்து படுக்கையில் தனித்திருந்தபோதுதான் அவர் அழுதார்.

வெகுகாலத்துக்குப் பின், மேற்றிராணியாராயிருந்த நாளில், மரித்தோருக்குச் செய்யவேண்டியவைகளைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அடக்கச் சடங்கு ஆத்துமத்தைக் கரையேற்றுவதில்லை என்று அதில் தெளிவாகச் சொல்லுகிறார். ஆனாலும் இறந்துபோன தகப்பனின் மோதிரத்தையும் உடையையும் பிள்ளைகள் அருமையாய்ப் போற்றிவைக்கிறார்களே, எந்த உடையைப் பார்க்கிலும் நம்மோடு நெருங்கி ஒட்டியிருந்த சரீரத்தை எப்படி அற்பமாய் எண்ணலாம் என்று கேட்கிறார்.