பழி யாரைச் சேரும்?

ஒருவர் செய்த தவற்றுக்கு மற்றொருவர் உயிரை விலையாகக் கொடுத்தால் அப்பழி யாரைச் சேரும்? பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945-ஆம் ஆண்டு தம் நோபெல் சொற்பொழிவின் முடிவில் இவ்வினாவை எழுப்பினார். அவர் கற்பனையாகக் காட்டிய மனிதர் தொண்டை வலிக்குப் பெனிசிலினை அரைகுறையாக உட்கொள்கிறார். கிருமி சாகாமல் மருந்தைத் தாங்கப் பழகிக் கொள்கிறது. பின் அவர் மனைவியைத் தொற்றுகிறது. மருந்து பலிக்காமல் அவர் இறக்கிறார். கணவரே பொறுப்பாளி என்பது ஃபிளெமிங்கின் தீர்ப்பு.

இன்று வழக்கு அத்துணை எளிதாக இல்லை.

கொலிஸ்டின் என்பது பழைய மருந்து. சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்வதால் மருத்துவர்கள் அதனைப் பெரும்பாலும் ஒதுக்கி வைத்திருந்தனர். பிற மருந்துகள் தோற்கத் தொடங்கியபின் கடைசித் துணையாக அதனையே நாடினர். அதே மருந்து, பன்றிகள் விரைந்து கொழுக்கட்டும் என்று தீவனத்திலும் கலக்கப்பட்டு வந்தது! 2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள், ஷாங்காய்ப் பண்ணையொன்றின் பன்றியிடம் எடுத்த ஈ. கோலை நுண்ணுயிரில் கொலிஸ்டினை வெல்லும் மரபணுவைக் கண்டதாக அறிவித்தனர். எம்.சி.ஆர்-1 என்று அதற்குப் பெயரிட்டனர். ஒரு நுண்ணுயிர் மற்றொன்றுக்குக் கைமாற்றக்கூடிய பிளாஸ்மிட் என்னும் சிறு வளையத்தில் அது அமைந்திருந்தது. ஆராய்ந்த 804 விலங்குகளில் 166-இலும், நோயாளிகளிடம் எடுத்த 1,322 மாதிரிகளில் 16-இலும் அது காணப்பட்டது.

அடுத்த மாதமே டென்மார்க்கில் ஒரு தேடல் நடந்தது. ஏறத்தாழ 3,000 நுண்ணுயிர்களின் மரபுத்தொகுதிகள் அங்கே முன்னரே படித்துச் சேமிக்கப்பட்டிருந்தன. ஈ. கோலையின் மரபுத்தொகுதி, நான்கே எழுத்துகளால் ஆன, சுமார் 46 லட்சம் எழுத்து நீளமுள்ள ஏடு. தேட வேண்டிய மரபணுவோ 1,626 எழுத்துகள். மனிதக் கண்ணுக்கு ஆகாத இவ்வேலையைக் கணிப்பொறி நிரல், சிற்சில எழுத்து வேறுபாடுகளையும் பொறுத்துக்கொண்டு, செய்து முடித்தது. 2015-இல் நோயுற்ற ஒருவரின் கிருமியிலும், 2012 முதல் 2014 வரை எடுத்த ஐந்து கோழியிறைச்சி மாதிரிகளிலும் அம்மரபணு இருந்தது. உலகம் அதன் பெயரை அறியுமுன்பே அது ஐரோப்பியச் சமையலறையை எட்டிவிட்டது. என்றோ எவருக்கோ பயன்படும் என்று அவ்வேடுகளைக் காத்து வைத்தவர்களை நாம் நன்றியோடு நினைக்கிறோம்.

ஆயினும் நிரல் சொல்வதற்கு ஓர் எல்லையுண்டு. மரபணு எங்கே, எந்த ஆண்டில் இருந்தது என்று அது காட்டும். எவர் கையால் தொடங்கிற்று என்று காட்டாது. தீவனம் விற்றவரா, வாங்கிய பண்ணையாளரா, மலிவான இறைச்சி வேண்டுமென்ற நுகர்வோரா? ஃபிளெமிங்கின் மனிதருக்குத் தம் மனைவியின் முகமாவது தெரியும். தீவனம் கலப்பவருக்கு, நாளை மருந்து பலிக்காமல் கிடக்கப்போகும் நோயாளி யாரென்றே தெரியாது. சட்டமும் அவரைத் தடுக்கவில்லை. அவரைக் கொலைகாரர் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை; குற்றமற்றவர் என்று விட்டுவிடவும் மனம் ஒப்பவில்லை. பலர் பங்கிட்டுக் கொண்டதனால் பழி சிறுக்கலாம், இல்லாமற் போவதெப்படி? பலிக்கும் மருந்து, வருங்கால நோயாளிக்காக நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நாளைக்குரியவரிடம் அனுமதி கேட்க வழியில்லை என்பதாலேயே நம் பொறுப்பு கனக்கிறது.

கொலிஸ்டினைக் கால்நடை வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலப்பதைச் சீனா 2017-இல் நிறுத்தியது. உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அதனை இந்தியா 2019-இல் தடை செய்தது. தடைக்குப் பின் சீனாவில் பன்றி, கோழி, மனிதர் ஆகியோரிடம் எடுத்த மாதிரிகளில் எம்.சி.ஆர்-1 குறைந்தது. அடியோடு மறைந்துவிடவில்லை.