கூலி வேலைக்கா, தேவைக்கா?

ஒரே பள்ளிக்கூடம், ஒரே பாடம், திருத்த வேண்டிய நோட்டுப் புத்தகங்களும் ஒரே அளவு. ஆயினும் மாத முடிவில் ஆசிரியருக்கு ஒரு சம்பளம், ஆசிரியைக்கு அதனிலும் குறைந்த சம்பளம். மலாயாவில் அரசாங்க உத்தியோகங்களில் நெடுங்காலம் நிலவிய முறை இது. மணம் முடித்த மாதரின் நிலைமை இன்னும் மோசம். நிரந்தர உத்தியோகம் போய், மாதத்துக்கு மாதம் நீட்டிக்கும் தற்காலிக வேலையாகிவிடும், பென்ஷனும் இல்லை. ஆசிரியைகளின் சங்கங்கள் அறுபதுகளில் இடைவிடாது போராடின. சுபியான் சம்பளக் கமிஷனின் சிபாரிசுக்குப் பின், 1969-ல்தான் அரசாங்கம் சம ஊதியத்தை ஏற்றது.

ஆசிரியைகளாவது படித்தவர்கள், மனுக் கொடுக்கத் தெரிந்தவர்கள். பால்மரத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்களுக்கு அதுவும் இல்லை. 1920-களின் பிற்பகுதியில் அரசாங்கக் கமிட்டி சில பகுதிகளுக்கு வகுத்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு.

இதற்கு அன்று சொன்ன நியாயம், குடும்பத்தைத் தாங்குகிறவன் ஆண் என்பதே. தேவையைப் பார்த்துத்தான் கூலி என்றால், கல்யாணமாகாத வாலிபனுக்குக் குறைத்தும், எட்டுப் பிள்ளை பெற்றவனுக்குக் கூட்டியும், விதவைக்கு எல்லோரிலும் அதிகமாயும் அல்லவா கொடுத்திருக்க வேண்டும்? அப்படிக் கொடுத்த துரை எவரும் இல்லை.

மனைவியைப் பராமரிப்பது கணவன் கடமை என்று மார்க்கம் சொல்வதை இவ்வாதத்துக்குத் துணையாக நம்மில் சிலர் இழுப்பதுண்டு. அது கணவன் மனைவிக்குப் பட்ட கடன். முதலாளிக்குக் கிடைத்த சலுகையன்று. அவள் சம்பாத்தியம் அவளுக்கே உரியது என்றும் அதே மார்க்கந்தான் சொல்கிறது. பிடித்துக்கொண்ட பத்துக் காசைத் தோட்டத்துரை அவள் புருஷன் கையிலா கொடுத்தார்?

பெண்களை இரவில் ஆலை வேலைக்கு வைக்கலாகாது என்று 1955-ம் வருடத்து வேலைச் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. 1972-ல் நம் பாயான் லெப்பாசில் சுதந்திர வர்த்தக வலயம் திறந்து எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகள் வந்தன. அவற்றுக்கு விலக்குக் கிடைத்தது. இளம்பெண்கள் இரவு ஷிப்டுக்குப் போனார்கள். 2023-ல் அவ்விதியே நீங்கிற்று. தேவை என்று பேசும்போது யாருடைய தேவை என்றும் கேட்டுக்கொள்வது நல்லது.

1969-ம் வருடத்து ஏற்பாடு அரசாங்க ஊழியர்களுக்கு மட்டுமே. சம ஊதியம் பற்றிய 1951-ம் வருடத்துச் சர்வதேச உடன்படிக்கையை மலேசியா 1997-ல் ஏற்றது. எனினும் சூலியா தெருவில் ஒரு கடைக் கல்லாவில் உட்காரும் பெண்ணுக்கு என்ன சம்பளம் என்பதைப் பெரும்பாலும் கடைக்காரரே தீர்மானிக்கிறார். குறைத்துக் கொடுப்பவரைக் கேட்டால், "கல்யாணமானால் நின்றுவிடுவாள்" என்பார். பையன்களுந்தான் ஐம்பது வெள்ளி கூடக் கிடைத்தால் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். அதற்காக அவர்கள் சம்பளத்தில் யாரும் முன்கூட்டியே பிடிப்பதில்லை.