கொடையா, வரியா?

தன் உடலின் ஓர் உறுப்பைப் பிறர் உயிர்வாழ அளிப்பதைக் காட்டிலும் உயர்ந்த கொடை உண்டென்று நாம் எண்ணவில்லை. ஆயினும் கொடைக்கு ஒரு லட்சணம் உண்டு. "மாட்டேன்" என்று சொல்லவும் உரிமையுள்ளவர் "தருகிறேன்" என்று சொன்னால்தான் அது கொடையாகும். மறுக்க வழியில்லாதவரிடம் பெறுவதை வரி என்பதே பொருந்தும்.

இந்த அளவுகோலைக் கொண்டு இந்தியாவின் கணக்கை ஆராய்வோம். அங்கே 2019 முதல் 2023 வரை உயிரோடிருந்து உறுப்பளித்த 56,509 பேரில் 36,038 பேர் பெண்கள். அவ்வுறுப்புகளைப் பெற்றவருள் 39,447 பேர் ஆண்கள். மனைவியும் தாயும் கொடுக்கிறார்கள்; புருஷனும் மகனும் பெறுகிறார்கள். 2025இல் அந்நாட்டின் மத்திய உறுப்பு மாற்று அமைப்பே, காத்திருக்கும் பெண்களுக்கு முன்னுரிமை தரும்படி அறிவுறுத்த நேர்ந்தது.

இதற்குச் சமாதானம் கூறுவோர் உண்டு. பிள்ளைப்பேற்றினால் தாயின் இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் உண்டாகி, கணவனுடைய அல்லது பிள்ளையுடைய சிறுநீரகம் சில பெண்களுக்குப் பொருந்தாமற் போகிறது என்பர் மருத்துவர். உண்மையே. ஆனால் அவளுடைய தகப்பனும் சகோதரனும் முன்வராமைக்கு இது காரணமாகுமா?

"சம்பாதிக்கிறவன் படுத்துவிட்டால் குடும்பம் என்னாவது?" என்பது மற்றொரு சமாதானம். சம்பாதிக்கிறவன் யார் என்பதை நிர்ணயித்தது எது? நம் மலாயாவையே எடுத்துக்கொள்வோம். 1920களின் இறுதியில் பல தோட்டங்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட தினக்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அவளும் விடியுமுன் எழுந்து பால்வெட்டப் போனாள்; திரும்பி வந்து அடுப்பும் மூட்டினாள். முதலில் அவள் உழைப்பின் விலையைக் குறைத்துவிட்டு, பின்னர் அதே விலையைக் காட்டி அவள் உடலையும் மலிவாக மதிப்பது எந்த நியாயம்?

"அவள் மனமுவந்துதானே கையெழுத்திட்டாள்?" என்று கேட்கலாம். மனமுவந்து கொடுப்போர் பலர் என்பதை நாம் மறுக்கவில்லை, அவர்களை வணங்குகிறோம். ஆனால் மாமியார், நாத்தனார், கணவன் எல்லோரும் சூழ்ந்து நிற்கையில் வாய்திறவாதவளின் மௌனத்தைச் சம்மதமென்று எழுதிக்கொள்ளலாமா? கொடுக்க விரும்பாதவரைத் தனியே விசாரித்தறிந்து, "மருத்துவக் காரணத்தால் இவர் தகுதியற்றவர்" என்று வீட்டாருக்குச் சொல்லிக் காப்பாற்றும் வழக்கம் மேல்நாட்டு மருத்துவர்களிடமும் உண்டு. ஒருவரின் மறுப்பு வீட்டை அடைய ஒரு பொய்யின் துணை வேண்டியிருக்கிறதென்றால், அந்த வீட்டில் கிடைக்கும் சம்மதத்தை எப்படி நம்புவது?

பினாங்கில் வாழும் நம்மவரும் இதைச் சிந்திக்க வேண்டும். வீட்டில் ஒருவருக்குச் சிறுநீரகம் பழுதானால், பெண்களை நோக்குமுன் ஆண்கள் தங்கள் இரத்தத்தைப் பரிசோதனைக்குக் கொடுக்கட்டும். மரணத்திற்குப்பின் உறுப்பளிக்க 1974ஆம் ஆண்டின் மனிதத் திசுச் சட்டம் இந்நாட்டில் இடமளிக்கிறது. அதற்கும் அவர்களே முதலில் பெயர் கொடுக்கட்டும். நோயாளி மனைவியாயினும் மகளாயினும் அதே அவசரத்தோடு ஆஸ்பத்திரிக்கு ஓடட்டும். இவ்வளவும் செய்த பிறகு பெண்ணொருத்தி முன்வந்தால் அதைத் தியாகமென்று போற்றுவோம். அதுவரை அச்சொல்லை வாயில் எடுக்க ஆண்மக்களுக்கு உரிமை இல்லை.