குழியை மூடுமுன்

வடகிழக்குப் பருவமழைக்கு முன் கடைக்காலை எழுப்பிவிட வேண்டும் என்று ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். கம்பி வந்திறங்கிவிட்டது, மேஸ்திரி நாள் சொல்லிவிட்டார், வங்கிக் கடனின் முதல் தவணையும் கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் குழிக்குள் கான்கிரீட் விழுமுன் ஒரு நாள் நில்லுங்கள். சுவர் கோணினால் இடித்துக் கட்டலாம். கடைக்காலின் அடியில் செய்த தவற்றைப் பிறகு தோண்டிப் பார்க்கக்கூட முடியாது.

மண் பரிசோதனை அறிக்கை இப்போது எல்லாக் கோப்புகளிலும் இருக்கிறது. அது உங்கள் மனையில் எடுத்ததுதானா? பக்கத்துத் தெரு மனையின் அறிக்கையில் பெயரையும் சர்வே எண்ணையும் மாற்றித் தருகிற வேலை இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். துளை போடும் அன்று நீங்களே போய் நில்லுங்கள். முக்காலி நட்டு, 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிடுவார்கள். குழாய் 45 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி விழுந்தது என்று எண்ண வேண்டும். முதல் 15-க்கு விழுந்ததைத் தள்ளிவிட்டு, மீதி 30-க்கு விழுந்த அடிகளின் கூட்டுத்தொகைதான் கணக்கு. நல்ல இறுகிய மணலில் சுத்தியல் முப்பது, நாற்பது தடவை விழ வேண்டியிருக்கும். உளைக் களியில் இரண்டு மூன்று அடிக்கே குழாய் அமிழ்ந்துவிடும். அந்த மூன்றைப் பதின்மூன்று என்று எழுத ஒரு பேனா போதும். இளம் பொறியாளர்களே, அந்தப் பேனா உங்கள் கையில்தான் இருக்கிறது. துளை போடாத மனைக்கும், தாங்காத மண்ணுக்கும் கையெழுத்துப் போடாதீர்கள். வேலை போய்விடுமே என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் அந்தக் காகிதத்தை நம்பி மேலே குடியேறப் போகிறவர்களுக்கு உங்கள் பயம் தெரியாது.

அறிக்கையில் நிலத்தடி நீர்மட்டம் என்று ஒரு வரி இருக்கும். அதன் பக்கத்தில் துளையிட்ட தேதி இருக்கிறதா என்று பாருங்கள். மே மாதம் துளையிட்டு, நீர் தென்படவில்லை என்று எழுதினால் அது பொய்யல்ல, ஆனால் உண்மையும் ஆகாது. கார்த்திகையில் சென்னையின் வேளச்சேரியிலும் மடிப்பாக்கத்திலும் தண்ணீர் எங்கே நிற்கும் என்பதை அந்தத் தெருவில் இருபது வருடம் குடியிருப்பவர்களைக் கேளுங்கள், அவர்கள் வீட்டுக் கிணற்றை எட்டிப் பாருங்கள். மணற்பாங்கான நிலத்தில் கடைக்காலின் அடிவரை நீர் ஏறிவிட்டால் மண் தாங்கும் சுமை ஏறக்குறையப் பாதியாகக் குறையும். கணக்கு மழைக்கால நீர்மட்டத்துக்குப் போடப்பட வேண்டும், கோடைக்கு அல்ல.

நீர் கீழிருந்து தூக்கவும் செய்யும். நீர்மட்டத்துக்குக் கீழே போகிற ஒவ்வொரு மீட்டருக்கும், சதுர மீட்டருக்கு ஒரு டன் வீதம் அது மேல்நோக்கி அழுத்துகிறது. இரண்டு மீட்டர் ஆழத்து சம்புக்கு அடியில் சதுர மீட்டருக்கு இரண்டு டன் என்றால், 15 சென்டிமீட்டர் கான்கிரீட் தளத்தின் கனம் 400 கிலோகூட வராது. மழை கொட்டும் நாளில் சம்பைக் கழுவுகிறேன் என்று காலி செய்துவைத்தால் அது கிளம்பப் பார்க்கும். அடித்தளத்தில் கார் நிறுத்தம் கட்டுகிறவர்கள் மேல்மாடிகளின் பாரம் ஏறுமுன் பம்பை நிறுத்திவிடுவதும் இதே ஆபத்துதான். டீசல் செலவை மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அதுவல்ல.

பம்பைப் பற்றி இன்னொன்று. ஊற்றெடுக்கும் குழியில் இரவு பகலாக நீரை இறைத்துத் தெருவில் விடுகிறீர்கள். பம்பு வாயில் ஒரு வாளி பிடித்துப் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். அடியில் மணல் படிந்தால், நீங்கள் நீரோடு பக்கத்து வீட்டின் அடிமண்ணையும் இறைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவர்கள் வீட்டு ஜன்னல் மூலையில் சாய்வாக விரிசல் விழுந்த பிறகு, பூச்சு மோசம், பழைய கட்டடம் என்று தட்டிக்கழிப்பது அயோக்கியத்தனம். இறைப்பதை உடனே நிறுத்திப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். குழியைச் சுற்றி வடிகட்டியோடு கிணறுகள் இறக்கி நீரை வாங்கும் முறை இருக்கிறது. செலவு கூடத்தான். தோண்டுவதற்கு முன்பே பக்கத்து வீட்டுச் சுவர்களைப் படமெடுத்து, அவர்களுக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.

குளத்தைத் தூர்த்த மனை என்றால் இடிசலையும் பிளாஸ்டிக்கையும் கடந்து பழைய மண்வரை இறங்குங்கள். கோடையிலும் மனையில் கோரை பச்சையாக நிற்கிறதென்றால் சந்தேகப்படுங்கள். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும். அதற்கென்றே ரூர்க்கியின் மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், அடியில் தண்டைப்போல் இரண்டரை மடங்கு விரியும் அண்டர் ரீம்டு பைலை வளர்த்தெடுத்துத் தந்திருக்கிறது. ஆழமான கரிசலில் அதைக் குறைந்தது மூன்றரை மீட்டர் இறக்கச் சொல்கிறார்கள். உப்பு நீர் ஊறும் இடத்தில் ஃபுட்டிங் கம்பிக்கு 50 மில்லிமீட்டர் கவர் விடாமல் மூடாதீர்கள்.

2014 ஜூன் 28 மாலை, மழையினூடே சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்தது. இறந்தவர்கள் 61 பேர். பிழைப்புக்காக ஆந்திராவிலிருந்து வந்தவர்கள் அதில் பலர். இடி விழுந்ததுதான் காரணம் என்றுகூட அப்போது சொல்லிப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்ற அதன் ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த 61 பேரில் எத்தனை பேர் வரைபடத்தைப் பார்த்திருப்பார்கள்? செத்தவர்களுக்கு அந்தக் கட்டடத்தில் இருந்த பங்கு அன்றைய கூலி மட்டுமே.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயலன்று வேளச்சேரியில் கட்டடத்துக்காகத் தோண்டியிருந்த ஏறக்குறைய 50 அடிப் பள்ளத்தின் ஓரம் சரிந்தது. பள்ளம் நிரம்ப நீர். உள்ளே போன இரண்டு பேரின் உடலை எடுக்க நாள்கணக்கில் நீரை இறைக்க வேண்டியிருந்தது.

ஆகவே ஒப்பந்தக்காரர்களே, ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழம் போனால் பக்கங்களுக்கு முட்டுக் கொடுங்கள். தோண்டிய மண்ணைக் குழியின் விளிம்பிலேயே குவிக்காதீர்கள். ஜேசிபியை ஓரத்தில் நிறுத்தாதீர்கள். ஏணி எப்போதும் குழிக்குள்ளேயே நிற்கட்டும். பக்கவாட்டிலிருந்து ஊற்று கசிவதையோ விளிம்பில் மயிரிழை வெடிப்பு ஓடுவதையோ கண்டால், பொறியாளருக்குப் போன் போடுவது அப்புறம். முதலில் கீழே நிற்கிற எல்லோரையும் மேலே ஏற்றுங்கள். மண்வெட்டியும் பாண்டும் உள்ளேயே கிடந்துவிட்டுப் போகட்டும்.